ஒரே ஆள் பாட்டு தொடர்ந்து மூணு

ரேடியோவில் பேசுகிறவளுக்குப் பயமே கிடையாது என்று நினைக்கிறீர்களா? தாம்பரம் பக்கத்தில் ஒரு சின்ன சமுதாய வானொலியில், தினமும் காலையில் ஒரு பாடகரை நேரலையில் அறிமுகம் செய்வது என் வேலை. ஒரு நாள் ராப், ஒரு நாள் கிறிஸ்தவப் பாடல், ஒரு நாள் கானா. தினமும் பயம்தான். வேலைக்குக் கிளம்பும்போதே சாமி படத்தை ரெண்டு தடவை கும்பிடும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

பட்டன் மேல் விரல்

ராஜகீழ்ப்பாக்கத்து ராப் பாடகர் ஒருத்தர் வந்தார். ராப்பில் எந்த வரியில் எந்தக் கெட்ட வார்த்தை வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒன்று காற்றில் போனாலும் என் வேலை போச்சு. மைக்கை அணைக்கிற பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பையன் ஒரு தப்பு வார்த்தை பாடவில்லை, ஆனால் நடுவில் ரெண்டு தடவை திக்கினார். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"அக்கா, நீங்க பட்டன்ல கை வெச்சதப் பாத்து எனக்குப் பாதி வரி மறந்தே போச்சு."

அடக்கம் எத்தனை மணிக்கு?

ரிட்டயர்டு டீச்சர் ஒருவர், கிறிஸ்தவப் பாடல்களில் பேர் வாங்கியவர். அவருடைய பாட்டு மூன்றைத் தொடர்ந்து போட்டேன். உடனே போன். "அடக்கம் எத்தனை மணிக்கு?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே ஆள் பாட்டை வரிசையாகப் போட்டால் ஆள் போய்விட்டார் என்றுதானே நம் ஜனங்கள் நினைப்பார்கள்! டீச்சர் என் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போனை வாங்கி, குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன், ஸ்டெல்லா. நீதான் ரொம்ப நாளா சர்ச் பக்கமே காணோம்."

வாசலில் மாலை

அதிலிருந்து, பாட்டுக்கு முன்னால் "இப்போதும் பாடிக்கொண்டிருக்கும்" என்று அழுத்திச் சொல்லிவிடுவேன். கீழ்க்கட்டளை ஏழுமலை அண்ணா நேரில் வர முடியாத அன்று, பதிவு செய்த அவர் பாட்டுகளைப் போடும்போதும் அப்படியே சொன்னேன். சாவு வீடுகளில் கானா பாடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பாதியில் ரேடியோ போட்டவர்களுக்கு நான் சொன்னது எப்படிக் கேட்கும்? மூன்றாவது பாட்டு முடிவதற்குள் அவர் மனைவி கன்னியம்மா போன் செய்துவிட்டார். "யக்கா, அவருக்கு இன்னா ஆச்சு? வூட்டாண்ட ஆளுங்க வந்துகினே கீறாங்க!"

அண்ணா விடியற்காலையில் பைக்கில் கோவளத்துக்கு ஒரு சாவுக்குப் பாடப் போயிருந்தார். போன் ஸ்விட்ச் ஆஃப். கன்னியம்மாவுக்கு இருதயத்தில் ஏற்கெனவே கோளாறு. "அவர் நல்லா இருக்கார்" என்று மைக்கில் சொல்ல வாயைத் திறந்தவள், நிறுத்திக்கொண்டேன். அன்றைக்குக் காலையில் அவரை யார் பார்த்தார்கள்? ஈசிஆர் ரோட்டில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாமே! நிகழ்ச்சியைச் சக ஊழியரிடம் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலைந்து மாலைகள். உள்ளே கன்னியம்மா சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். "சும்மா பாட்டுதான் போட்டோம்மா" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "ரேடியோவுல சும்மாவா போடுவாங்க?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு வெளியே போவேன்?

அப்போது தெருமுனையில் பைக் விழுந்த சத்தம். "கன்னிம்மா! கன்னிம்மா!" என்று அலறிக்கொண்டு அண்ணா ஓடிவந்தார். வாசலில் கூட்டத்தைப் பார்த்து, போனது தன் மனைவி என்று நினைத்துவிட்டார் மனுஷன். கன்னியம்மா எழுந்து வந்து அவர் முதுகில் ரெண்டு சாத்து சாத்தி, அப்படியே கட்டிக்கொண்டு அழுதார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"ஊர் சாவுக்கெல்லாம் பாடுறேன்மா. என் வூட்டு வாசல்ல மாலையைப் பாத்ததும் இவ பேரைத் தவிர ஒரு வரி வரலியே."

ஒரு பாடகரை ஊருக்கு அறிமுகம் செய்வதுகூடச் சுலபம்தான், அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று ஊரை நம்பவைப்பதில்தான் எங்கள் உயிர் போகிறது.