தலைவலி மட்டும் வரவில்லை

கண்ணாடிக் கடைக்காரன் தன் கண்ணைப் பற்றி வெளியே பேசக் கூடாது. மிட்டாய்க் கடைக்காரர் தன் சர்க்கரையைப் பற்றிப் பேசாத மாதிரி, இது இந்தத் தொழிலின் எழுதாத சட்டம்.

வலங்கைமான் கடைத்தெருவில் எங்கள் கடை. கண்ணைப் பரிசோதித்து பவர் சொல்வது என் வேலை. லென்ஸைத் தேய்த்து பிரேமில் மாட்டுவது ஹாஜா பாயின் வேலை. அவர் நாகூர்க்காரர். வளைகுடாவில் இதே தொழிலைச் செய்துவிட்டு வந்து என்னோடு கூட்டுச் சேர்ந்தவர். இரண்டு குடும்பத்துக்கும் இந்தக் கடைதான் சோறு.

ஐம்பதைத் தாண்டிய பிறகு என் பார்வைக்குள் ஒரு விருந்தாளி வரத் தொடங்கினார். முதலில், நான் எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் காணாமல் போகும். பிறகு அந்த இடத்தில் ஒரு கருக்கரிவாள் முளைக்கும். அறுப்புக்குப் பிடிக்கிற அதே வளைவு, அதே பல். அந்தப் பல் ஒவ்வொன்றும் மினுமினுக்கும். அது மெல்லப் பெரிதாகி, ஓரமாக நகர்ந்து, அரை மணிக்குள் வெளியே போய்விடும். வலி கிடையாது. போன பிறகு சுவடும் கிடையாது. இதைப் படிப்பவர்களில் அந்த அரிவாளைப் பார்த்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். நான் பட்ட கூத்தை நீங்களும் பட்டிருப்பீர்கள். பார்க்காதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

போர்டில் இல்லாத எழுத்து

முதல் தடவை வந்தது வேலை நேரத்தில். தங்கராசு என்ற விவசாயி சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்றேன். ஐந்தாவது வரியைக் காட்டியதும் அவர் கடகடவென்று, "ப, ட, ம, ர" என்றார். நான் 'ட' இருக்கும் இடத்தைப் பார்த்தேன். வெறும் வெள்ளை. "நல்லாப் பாத்துச் சொல்லுங்க, ப-வுக்கும் ம-வுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லையே" என்றேன்.

தங்கராசு கண்ணைச் சுருக்கினார், விரித்தார், முன்னால் குனிந்தார். மறுபடியும் "ட" என்றார். நான் பவரைக் கூட்டினேன். "ட" என்றார். குறைத்தேன். "ட" என்றார். இல்லாத எழுத்தை இப்படி அடித்துச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மனிதர் சோதனை பிரேமைக் கழற்றி மடியில் வைத்தார். எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"சார், நீங்க இப்படி வந்து ஒக்காருங்க. குச்சிய எங்கிட்ட குடுங்க."

ஹாஜா பாய் தேய்த்த லென்ஸ்

எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு எதிலும் முதல் சந்தேகம் லென்ஸ் மேல்தான். என் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, அதில் வெளிச்சம் பட்டு மினுக்குகிறது என்று முடிவு கட்டினேன். ஹாஜா பாய் புது லென்ஸ் தேய்த்துக் கொடுத்தார். அதிலும் வந்தது. மேலே பூசிய பூச்சு சரியில்லை என்றேன். வேறு லென்ஸ் போட்டார். வந்தது. பிரேம் வளைந்திருக்கிறது என்றேன். பிரேமையும் மாற்றினார். அரிவாள் அதற்கெல்லாம் அசரவில்லை.

கண்ணாடியே போடாமல் இருக்கும்போதும் அது வந்ததைக் கவனித்த பிறகும் நான் லென்ஸைத்தான் குறை சொன்னேன் என்றால், தொழில் பக்தி எந்த அளவுக்கு மூளையை மழுக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் பாய் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்:

"அண்ணே, லென்ஸ மாத்தியாச்சு, பிரேம மாத்தியாச்சு. இனிமே மாத்தணும்னா உங்க மூஞ்சியத்தான் மாத்தணும். அதுக்கு எங்கிட்ட மிஷின் இல்ல."

கரண்ட் இல்லாத நேரம்

சம்பா அறுப்பு முடிந்த கையோடு எங்கள் கடைக்குக் கூட்டம் வரும். நெல்லை அளந்துவிட்டுத்தான் கண்ணைப் பற்றி யோசிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அரிவாள் வந்தால் என்ன செய்வது? 'எனக்கே கண் தெரியவில்லை' என்று கண் பார்க்கிறவன் சொல்ல முடியுமா? அடுத்த சந்தைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். அதனால் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். பரிசோதனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "கரண்ட் போயிருச்சு, கொஞ்சம் உக்காருங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன்.

கொஞ்ச காலம் ஓடியது. ஒருநாள் அஞ்சம்மாள் வந்திருந்தார். நடவு ஆட்களைக் கூட்டிப் போகிற மேஸ்திரி அவர். அவருடைய குரலுக்கு வரப்பில் நிற்கும் கொக்கு பறந்துவிடும். கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்தார். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"கரண்டு இல்லாம ஃபேன் சுத்துற கட தமிழ்நாட்டுலயே இது ஒண்ணுதான்யா. அந்த வித்தைய எங்க ஊட்டுக்கும் சொல்லிக் குடு."

தஞ்சாவூரில் பிடிபட்டது

யாருக்கும் தெரியாமல் தஞ்சாவூருக்குப் போய், ஒரு கண் டாக்டரிடம் காட்டினேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு வரிசையில் உட்கார வைத்தார்கள். மருந்து போட்ட கண்ணுக்கு எல்லாம் மங்கல். பக்கத்தில் இருந்தவர் என்னையே பார்ப்பதுகூட எனக்குத் தெரியவில்லை. டாக்டர் விழித்திரையை அலசிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்றார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் கண்ணில் குறை இல்லை என்றால் வேறு எங்கே? பக்கவாதம் வருவதற்கு முன்னால் இப்படித்தான் ஆகுமோ? பார்வை போய்விட்டால் நான் யாருக்கு எதைச் சோதிப்பேன், ஹாஜா பாய் எதைத் தேய்ப்பார்?

இந்தக் கவலையோடு வெளியே வந்தபோது, பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தொட்டார். எங்கள் கடையில் கண்ணாடிக்குச் சொல்லிவைத்திருந்த வாடிக்கையாளர். குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன்:

"சாரே இங்க வந்து காட்டுறீங்களா? அப்ப நான் சொன்ன கண்ணாடி அங்க வேணாம் சார், இங்கயே போட்டுக்குறேன்."

வெட்டாற்றுக் கரையில்

என் மனைவி செல்வியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். வெட்டாற்றுக் கரையில் அரிவாள் வந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். "ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். "வயலப் பாக்கலாம்னு" என்றேன். எதிரே நாற்றுப் பச்சை விரிந்து கிடந்தது. அதன் பாதி எனக்குத் தெரியவில்லை. மீதிப் பாதியில் கருக்கரிவாள் ஜொலித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது. செல்வி இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்:

"கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு தடவகூட வயல நின்னு பாத்ததில்ல. இன்னிக்கு கொட்டக் கொட்டப் பாக்குறீங்க. கண்ணுல கோளாறா, புத்தியில கோளாறா? எதுன்னு சொல்லிட்டு வண்டிய எடுங்க."

மூடிப் பார்த்தீர்களா?

சொல்லிவிட்டேன். மறுநாளே செல்வி என்னை நரம்பு டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். இளம் வயதுப் பெண் டாக்டர். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். நான் வரைந்து காட்டிய அரிவாளையும் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு கண்ணை மூடினா அது போகுதா? இல்ல ரெண்டு கண்ணுலயும் தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை. 'வலது கண்ணை மூடுங்க, இப்ப இடது கண்ணை மூடுங்க' என்று ஊரிலிருக்கிற அத்தனை பேரிடமும் சொல்லிப் பிழைக்கிறவன் நான். எனக்கு நானே ஒரு தடவைகூடச் சொல்லிக்கொண்டதில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம், கழுத்து இரத்தக் குழாய், தலை ஸ்கேன் என்று எல்லாவற்றுக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவை வரும்போது கண்ணை மூடிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். செல்வி சொன்னாள். டாக்டர் சிரிப்பை அடக்க முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார்:

"பரவால்ல சார். நானும் தண்ணி நெறயக் குடிங்கன்னு எல்லாருக்கும் சொல்லுவேன், நான் குடிக்க மாட்டேன்."

பஸ்ஸில் கண்ணடித்தது

அதுவரை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவன், இப்போது எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினேன். கூப்பிட்டால் வருகிற விருந்தாளியா அது? ஸ்கேன் எடுத்துவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது, பாபநாசம் தாண்டி, நல்ல நெரிசலில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இடது கண்ணை மூடினேன். அரிவாள் இருந்தது. வலது கண்ணை மூடினேன். அப்போதும் அதே இடத்தில் இருந்தது. சந்தேகத்துக்கு மறுபடி இடது, மறுபடி வலது. இரண்டையும் சேர்த்து மூடினேன். இருட்டிலும் ஜம்மென்று மினுக்கியது. அப்படியென்றால் இது கண்ணில் இல்லை! கண் நன்றாக இருக்கிறது! பக்கவாதப் பயமெல்லாம் மறந்துபோய், என்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

எதிர் இருக்கைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தார்:

"பெரியவரே, கண்ணடிக்கிறதுன்னா ஒரு கண்ணுல அடிங்க. இப்படி மாத்தி மாத்தி அடிச்சா யாருக்குன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

பெயர் கிடைத்தது

சோதனை முடிவுகள் எல்லாம் நல்லபடியாக வந்திருந்தன. டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளையில் பார்வையைக் கவனிக்கிற பகுதியில் ஓர் அலை மெதுவாக நகர்கிறது. அதைத்தான் நான் அரிவாளாகப் பார்க்கிறேன். ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன்னால் பலருக்கு இது தோன்றும். சிலருக்கு இது மட்டும் வந்துவிட்டு, தலைவலி வராமலே போய்விடும். அதற்கும் 'தலைவலி இல்லாத ஒற்றைத் தலைவலி' என்றுதான் பெயர். அது வரும்போது வண்டி ஓட்டக் கூடாது. கை கால் மரத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தாலோ, அதுவாகப் போய்விடும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

நான் கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. "கடையில நான் கண்ணு பாக்கலாமா டாக்டர்?" என்றேன். "அது வந்திருக்கப்ப வேணாம். மத்த நேரமெல்லாம் தாராளமாப் பாருங்க" என்றார். செல்விக்கு அப்போதும் ஒரு சந்தேகம் தீரவில்லை. தலைவலி என்று பெயர், ஆனால் தலைவலி இல்லையா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"பந்தல் போட்டு, மேளம் கொட்டி, சீரியல் பல்பெல்லாம் எரிய விட்டாச்சு, மாப்பிள்ள மட்டும் வரல. அப்படித்தானுங்க டாக்டர்?"

பார்டர்

டாக்டருக்கு வரைந்து காட்டிய படம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. ஜாக்கெட் தைக்கிற ஒரு பெண் வாசிப்புக் கண்ணாடி வாங்க வந்தார். புதுக் கண்ணாடியைப் போட்டதும் முதலில் அவர் பார்த்தது அந்தப் படத்தைத்தான். இனி மறைப்பதில்லை என்று நானும் முடிவெடுத்திருந்தேன். ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னேன். மூளை, அலை, நரம்பு என்று நான் பேசப் பேச, அவர் விரலால் அந்தப் பற்களை அளந்துகொண்டே இருந்தார். முடித்ததும் நிமிர்ந்தார்:

"அதெல்லாம் சரிங்க சார். அடுத்த தடவ வர்றப்ப அது என்ன கலருன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? ஜாக்கெட் கழுத்துல வச்சுத் தச்சா எடுப்பா இருக்கும்."

வரிசை

இந்தத் தடவை அறுப்பு முடிந்த கூட்டத்தில் அது மறுபடி வந்தது. பெஞ்சு நிறைய ஆட்கள். நாற்காலியில் இருந்தவர் ரைஸ் மில் முதலாளி. எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் நம்பாதவர். சோதனைப் பெட்டியை மூடினேன். கதவைச் சாத்தவில்லை. "ஐயா, எனக்கு இப்ப பார்வையில ஒரு கோளாறு வந்திருக்கு, கண்ணு முன்னால அரிவாள் மாதிரி ஒண்ணு மினுக்குது. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, பயமில்ல. ஆனா இப்ப உங்களப் பாத்தா தப்பாப் பாப்பேன். அரை மணி ஆகும். அவசரம்னா கும்பகோணத்துல நல்ல கடைங்க இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

உள்ளே ஹாஜா பாயின் இயந்திரம் நின்றது. முதலாளி எழுந்தார். செருப்பை மாட்டினார். போச்சு என்று நினைத்தேன். வாசலில் நின்று டீக்கடைப் பக்கம் கையைக் காட்டி, பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் சரியாகத் தெரியவில்லை, குரல் தெளிவாகக் கேட்டது:

"நீங்க அந்த அரிவாள முழுசாப் பாத்து முடிங்க. நாங்க எங்கயும் போகல."

ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்துப் பிழைக்கிறவனுக்கு அவ்வப்போது அரை மணி நேரம் எதுவும் சரியாகத் தெரியாமல் போவது, யோசித்துப் பார்த்தால், அப்படியொன்றும் கெட்ட பயிற்சி இல்லை.