சல்லடைக்குள் சூடான தென்கடல்

தென்துருவக் கடல் ஒரு காலத்தில் வெதுவெதுப்பாக இருந்தது என்று துறை முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான். அந்தச் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அரியலூரில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி வாத்தியார் நான். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ். என்னிடம் ஆராய்ச்சி செய்யும் பெண் ஆண்டிமடத்துக்காரி. முந்திரிக்கொல்லையிலிருந்து வந்து பனிக்கடலைப் படிக்கிறாளே என்று கிண்டல் செய்வேன். கப்பலிலிருந்து தென்கடலின் தரையில் குழாய் இறக்கி எடுத்த சேற்றில், அடுக்குக்கு ஒரு கரண்டிதான் அவளுக்குக் கிடைத்திருந்தது. அதைச் சல்லடையில் கழுவினால் மாவுமணல் போல மிஞ்சுபவை நுண்ணுயிர்களின் ஓடுகள். குளிர்ந்த நீரில் வாழ்ந்தவற்றுக்கு ஒரு சாயல், சூடான நீரில் வாழ்ந்தவற்றுக்கு வேறு சாயல். எந்த அடுக்கில் எது கிடக்கிறதோ, அந்தக் காலத்தில் கடல் அப்படி இருந்தது என்று அர்த்தம். இதை வைத்துத்தான் அவள் டாக்டர் பட்டம் வாங்க வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மண்ணையும் கழுவியபின் சல்லடையை நீலச் சாயத்தில் முக்கி எடுப்போம். சல்லடைக் கண்களில் பழைய ஓடு சிக்கியிருந்தால் நீலமாகிவிடும். அடுத்த மண்ணில் நீல ஓடு வந்தால் ஒதுக்கிவிடலாம். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

ஒருநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக, ஓடையில் அள்ளிய களிமண்ணை அவளுடைய சல்லடையில் கழுவினேன். நம் அரியலூர் மண்ணும் டைனோசர் காலத்துச் சூடான கடலின் அடிதான். அன்று மாலை பாடாலூரில் மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தம். புது வெள்ளைச் சட்டை வேறு. நீலத்தில் கைவைத்தால் நகக்கண் வரை ஏறும். தண்ணீரில் ஒரு அலசு அலசி மாட்டிவிட்டு ஓடிவிட்டேன்.

மறுநாள் அவள் தன் முக்கியமான அடுக்கை, இருந்த ஒரு கரண்டியையும், கழுவினாள். சாயங்காலம் மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"சார், இதைப் பாருங்களேன். ஒடஞ்ச துண்டுதான். ஓரத்துல வரப்பு கட்டுனாப்ல இருக்கு. இந்த மாதிரி சூட்டுத் தண்ணிலதான வரும்? இங்க எப்படிங்க சார்?"

"சூடா இருந்திருக்கும், வந்திருக்கும்."

"நம்ப முடியலைங்க சார். ரொம்ப மங்கிக் கெடக்கு. நீங்க ஒரு தடவ நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"கடல் என்னா உங்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டா சூடாவும்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் எனக்கு மைக்ரோஸ்கோப் மறந்துபோனது. துறைக்கே போண்டா வாங்கிக் கொடுத்தேன். அவள் என் பேச்சை நம்பி ஓர் அத்தியாயத்தையே மாற்றி எழுதினாள்.

ஆய்வுக்குழு கூடவிருந்த வாரம், அந்த அடுக்கில் கழுவி மிஞ்சிய துகள்களைக் கிளறியவளுக்கு உடையாத ஓடு ஒன்று கிடைத்தது. ஓரத்தில் இரட்டை வரப்பு. டைனோசர்களோடு அழிந்துபோன வகை அது; அவளுடைய அடுக்கோ அதற்கு வெகுகாலம் பின்னால் படிந்தது.

"சார், இது நம்மூருச் சரக்கு. எனக்கு முன்னாடி இந்தச் சல்லடைல யாரு கழுவுனா?"

சொன்னேன். நிச்சயதார்த்தத்தையும் சட்டையையும் சேர்த்தே சொன்னேன். அவள் மாற்றி எழுதிய அத்தியாயத்தை எடுத்துக் குறுக்கே கோடு போட்டாள்.

அந்த அடுக்கில் கழுவாத மண் மிச்சமில்லை. குழு முன்னால் அவள் காட்டிய கடல்வெப்ப வரைகோடு நடுவில் அறுந்து நின்றது.

"இங்க என்னம்மா ஓட்டை?" என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர்.

"லேப்ல கலப்படம் ஆயிடுச்சுங்க சார்."

"கவனமா இருக்க வேணாமா? மறுபடி மண்ணு கேட்டு வாங்கிச் செஞ்சு முடிச்சிட்டு வாங்க."

வழிகாட்டி என்று நானும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். 'அது நான் செஞ்சதுங்க' என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். ஊரையே சிரிக்க வைக்கும் வாய், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகும் கைக்குத் துணையாக மூடியே கிடந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

"விடும்மா. நம்ம அரியலூரு அண்டார்டிகா வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துச்சுன்னு வச்சுக்க."

அவள் கிளாசைக் கீழே வைத்தாள்.

"சிரிப்பு வரலைங்க சார். இனிமே எஞ் சாம்பிளத் தொடாதீங்க."