என் கல்யாண வாசலில் கொட்டிய சல்லிக்கல்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரில் அவருடைய பெருமையை எழுதச் சொன்னார்கள். என் குற்றத்தை மறைத்துக்கொண்டு அதை எழுத எனக்குத் துணிவில்லை.

அண்ணன் இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒற்றைக் காம்பராவில் பிறந்தவர். பெற்றோரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தபின், நானுஓயாவுக்கு அருகே ரயில் பாதை வேலைக்குப் போய் என்னை வளர்த்தார். தனக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொள்ளவில்லை. அங்கே நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே, ஓடையின் மேல் கான்கிரீட் சிலாப் போட்ட சிறு ரயில் பாலம் அவர் பொறுப்பில் இருந்தது. சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

"சக்கரத்துப் பாரம் ஒரே எடத்துல குத்தக்கூடாது தங்கச்சி. தண்டவாளம் கட்டைக்குக் குடுக்கணும், கட்ட சல்லிக்குக் குடுக்கணும். சல்லி பரத்திக் குடுத்தாத்தான் சிலாப்பு தாங்கும்."

"சரிண்ணே" என்பேன். காதில் வாங்கினால்தானே?

என் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் விடாத மழை. வாசலெல்லாம் சேறு. திம்புள்ளவிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் வழுக்கி விழுந்தால் மானம் போய்விடுமே என்று தவித்தேன். அண்ணன் மண்சரிவு வேலைக்குத் தூரம் போயிருந்தார். கொழுந்துக் கூடையை எடுத்துப்போய்ப் பாலத்துத் தண்டவாளத்தின் கீழ்ப் பரப்பியிருந்த சல்லியை அள்ளினேன். கட்டைகளுக்கு அடியிலிருந்தும் தோண்டி, கூடை கூடையாக வாசலில் கொட்டினேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள்தான் அண்ணன் திரும்பினார். கல்யாணம் முடிந்த மறுநாள் காலை பாதை பார்க்கப் போனார். சல்லி இல்லாமல் கட்டைகள் சிலாப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தன. சிலாப்பின் குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சிவப்புக் கொடியோடு ஓடி, வந்த ரயிலை நிறுத்திவிட்டார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்தவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மண்ணை வெட்டிப் போட்டு வாசல் சல்லியை மூடினார். விசாரிக்க வந்த அதிகாரி அந்த மண்ணின் மேல்தான் நின்றார்.

"சல்லிய மழ அடிச்சிட்டுப் போயிருச்சுங்க ஐயா. நாந்தாங்க பாக்காம விட்டுட்டேன்."

இன்னும் புகுந்த வீடு போகாமல் கதவுக்குப் பின்னால் நின்ற நான், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அண்ணனுக்கு வேலை போனது. மலையகத் தமிழர் என்று பிரஜாவுரிமை, அதாவது குடியுரிமை, மறுக்கப்பட்டவருக்கு வேறு அரசாங்க வேலை யார் தருவார்? சாகும்வரை தோட்டத்தில் விறகு பிளந்தார்.

நெஞ்சு வலியில் கிடந்தவரைக் கம்பளியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குச் சுமந்த லயத்து உறவுகளுக்கும், பாடை தூக்கிய பழைய ரயில் பாதை வேலைக்காரர்களுக்கும் நன்றி. அவர் அசட்டையால் வேலை இழந்தார் என்று நீங்கள் நம்பினீர்கள். குற்றம் செய்தது அவர் அல்ல, நான்.

கடைசி நாளில் என் கையைப் பிடித்துக் கேட்டார். "மாப்ள வீட்டு ஆளுங்க அன்னிக்கு வழுக்காம நடந்தாங்கள்ல?"

"நடந்தாங்கண்ணே" என்றேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: மன்னிச்சிருங்கண்ணே.