பால் காய்ச்சிய சர்வர்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து மிக்கேல்ராஜ் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். சிஸ்டம் அண்ணாச்சி என்று கேளுங்கள், வாசலில் வண்டிக்கு டோக்கன் கொடுக்கிறவர்கூட மாடிப்படியைக் காட்டுவார். ஓட்டப்பிடாரத்துக்காரர், நாற்பத்தாறு வயது. பதினாலு வருஷமாகக் காலை பஸ்ஸில் கோவில்பட்டிக்கு வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறார். ஸ்கேன் படங்கள் முதல் கேன்டீன் பிரிண்டர் வரை, கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே அவர் ஒருத்தர் தலையில்தான். நான் பிரேமலதா, கீழே ரெக்கார்டு ரூம். எனக்கு வாய் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. ஆஸ்பத்திரிப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் அங்கேதான் சோறு.

அண்ணாச்சிக்குக் கோபமே வராது. ஏசியில் தண்ணீர் ஒழுகியதற்குக்கூட அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், போய்த் துடைத்திருக்கிறார். "உங்களுக்கு ரோஷமே கிடையாதா அண்ணாச்சி?" என்று கேட்டால், "அந்தத் தண்ணி சர்வர்ல விழுந்தா நான்தானம்மா அழணும்" என்பார். காலையில் வந்ததும் அவருடைய முதல் வேலை பேக்கப் மெயிலைப் பார்ப்பது. பேக்கப் என்றால் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. இருப்பதை எல்லாம் இன்னொரு இடத்தில் நகலெடுத்து வைப்பது. இங்கே போய்விட்டால் அங்கேயிருந்து எடுத்துக்கொள்ளலாம். ராத்திரி அது தானாக நடந்து முடிந்து, நோயாளிகள் பதிவுக்கு ஒரு வரி, ஸ்கேன் படங்களுக்கு ஒரு வரி என்று மெயில் வரும். இரண்டிலும் பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று இருக்கும். அதைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் டீ குடிக்கப் போவார்.

போன ஜூன் மாசம் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் எவனோ வெளியே இருந்தே கம்ப்யூட்டர்களுக்கு எல்லாம் பூட்டுப் போட்டுப் பணம் கேட்கிறான் என்று செய்தி வந்தது. எங்கள் பெரிய டாக்டர் சங்கரபாண்டியன் ஆடிப்போனார். அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "பெரிய கம்பெனிகள்ல வைக்கிற மாதிரி பேக்கப் சாஃப்ட்வேர் வாங்கணும். மூணு பேரை வரச் சொல்லு. எது நல்லதுன்னு பாத்து எழுதிக் குடு" என்றார்.

அண்ணாச்சிக்கு அது கல்யாண வேலை. ஒரு வாரம் உட்கார்ந்து முப்பத்தோரு கேள்விகள் எழுதினார். மூன்று கம்பெனிக்காரர்களும் முதலில் வீடியோவில் வந்தார்கள். ஒரே பச்சை டிக் மயம். எதையும் மூன்று நகலாக வைக்க வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று ஒருத்தர் டை கட்டிக்கொண்டு பாடம் நடத்தினார். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார். "உள்ள போடுதது எல்லாப் பயலும் போட்டிருவான், பிரேமா. வெளிய எடுக்கச் சொன்னாத்தான் வண்டவாளம் தெரியும்." முப்பத்தோராவது கேள்வி அதுதான். நேரில் வந்து, போட்டதை எடுத்துக் காட்டுவீர்களா? அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

அந்த வாரம்தான் எப்போதும்வென்றான் ஊரில் இருந்து பெத்தம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும். இரண்டு மாசமாக இருமல். கூட அவருடைய மகள் மாரிச்செல்வி. புதன்கிழமை வருகிற நெஞ்சு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், வலது நுரையீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி. பெத்தம்மாளுக்கு முன்னால் டி.பி. வந்து குணமாகியிருக்கிறது. 2018-இல் எங்களிடமே ஒரு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். டாக்டர் தெளிவாகச் சொன்னார். அந்தப் பழைய படத்திலும் இதே புள்ளி இதே அளவில் இருந்தால் அது டி.பி.யின் தழும்பு, பேசாமல் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் மதுரைக்குப் போய் நெஞ்சில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். நுரையீரல் ஏற்கெனவே நைந்து கிடப்பதால் ஊசி அவருக்கு ஆபத்து.

நான் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். 'பழைய காசநோய்த் தடம்' என்று ஒற்றை வரி. அளவு எழுதவில்லை, எழுதின மனுஷனை நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் அவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். பிலிம் எங்கே என்று கேட்டேன்.

பெத்தம்மாள் தலையில் கைவைத்தார். "கிரகணம் வந்துச்சுல்லா, மார்கழி மாசம்? அத வச்சுப் பாத்தா கண்ணு கெடாதுன்னு தெருப் பிள்ளைக எல்லாம் வந்து நின்னுச்சு. ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக் குடுத்துட்டேன்."

"படம் ஏத்தின சி.டி. தட்டு ஒண்ணும் குடுத்திருப்போமே?" என்று கேட்டேன்.

"அதக் கம்மங்காட்டுல குருவி விரட்டக் கட்டிட்டோம் அக்கா" என்றாள் மாரிச்செல்வி. "வெயில்ல தோல் உரிஞ்சு போச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்புறம் யோசித்தேன். டை கட்டியவர் சொன்ன மூன்று நகல் இந்த அம்மாவுக்கு இருக்கத்தான் செய்தது. இரண்டைச் சூரியன் தின்றுவிட்டது, மூன்றாவது எங்களிடம்.

அண்ணாச்சி கீழே வந்து பெத்தம்மாள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "கவலைப்படாதீங்கம்மா. நம்மகிட்ட பத்திரமா இருக்கு. திங்கக்கிழமை வாங்க, எடுத்து வச்சிருக்கேன்." இப்போதே எடுத்தால் என்ன என்று நான் கேட்டேன். திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் நேரில் வருகிறார்கள், அவர்கள் கண் முன்னால் பழைய பேக்கப்பில் இருந்து இந்தப் படத்தை எடுத்து, இதையே அவர்களுடைய சாஃப்ட்வேரில் போட்டு எடுக்கச் சொல்லப்போவதாகச் சொன்னார். "டம்மி ஃபைல் குடுத்தா விளையாட்டாப் போயிரும். உசிரு சம்பந்தப்பட்டதா இருந்தாத்தான் ஒழுங்காச் செய்வானுக. சோதனைக்குச் சோதனையும் ஆச்சு, அவிய காரியமும் ஆச்சு."

திங்கட்கிழமை முதலில் வந்தவர் மதுரைக் கம்பெனியின் இன்ஜினியர் சுடலைக்குமார். படத்தை வாங்கிப்போக நானும் மாடியில் நின்றேன். அண்ணாச்சி பழைய பேக்கப்பைத் திறந்தார். ஸ்கேன் படங்கள் என்ற இடத்தில் 2018 இல்லை. 2019 இல்லை. எந்த வருஷமும் இல்லை. ஒரே ஒரு ஃபைல் இருந்தது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் ராத்திரிகள் வெற்றிகரமாக நகலெடுக்கப்பட்ட அந்த ஒரு ஃபைலைத் திறந்தார். உள்ளே ஒற்றை எழுத்து. உ. பிள்ளையார் சுழி.

அண்ணாச்சி மூடிவிட்டு மறுபடி திறந்தார். சுடலைக்குமார் தன் லேப்டாப்பை மெதுவாக மூடினார். "அண்ணாச்சி, நான் கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போனார். நல்ல பிள்ளை.

அந்தப் பிள்ளையார் சுழி போட்ட அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். 2017 ஜூலை. புது சர்வர் வந்து இறங்கியிருந்தது, ஸ்கேன் மெஷினோடு இன்னும் இணைக்கவில்லை. ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது. பெரிய டாக்டரின் அப்பா நல்லக்கண்ணு ஐயா வந்து, "ஆடியில ஒண்ணும் தொடங்கக் கூடாது. வயரெல்லாம் பொறவு மாட்டிக்கிடலாம், பேருக்குத் தொடங்கி வச்சிரு" என்றார். எங்கள் பக்கம் வீட்டுக்கு அப்படித்தான் செய்வோம். கதவு மாட்டியிருக்காது, சுவர் பூசியிருக்காது, ஆனால் நல்ல நாளில் பால் காய்ச்சிவிடுவோம். குடிபோவது அப்புறம். அன்றைக்கு சர்வருக்குச் சந்தனம் வைத்து, கரண்ட் அடுப்பில் நிஜமாகவே பால் காய்ச்சினோம். காலி இடத்தை எப்படி நகலெடுப்பது என்று அண்ணாச்சி கேட்டார். "பிள்ளையார் சுழி போடுய்யா" என்றார் பெரியவர். சிலுவை போடுகிற வேதக்கார மனுஷன் பயபக்தியோடு 'உ' என்று டைப் செய்தார். 'வெற்றி' என்று வந்தது, எல்லாரும் பால் குடித்தோம்.

ஆடி கழிந்து ஸ்கேன் மெஷினை இணைத்தபோது படங்கள் வேறொரு டிஸ்க்கில் போய் விழுந்தன. பேக்கப்பை அந்த டிஸ்க்குக்கு அண்ணாச்சி திருப்பியிருப்பார் என்று மெஷினை இணைக்க வந்த இன்ஜினியர் நினைத்தார். அவர் திருப்பியிருப்பார் என்று அண்ணாச்சி நினைத்தார். நோயாளிகள் பதிவு மட்டும் ஒழுங்காக நகலாகி இடம் நிறைந்துகொண்டே போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் டிஸ்க் நிறைந்தபோது, பேக்கப்பில்தான் இருக்கிறதே என்று, பழைய படங்களை அண்ணாச்சியே அழித்தார். தன் கையால்.

அன்று மத்தியானத்துக்குள் மூன்று கம்பெனிக்காரர்களும் பார்த்துவிட்டார்கள். அழித்த இடத்தின் மேல் மூன்று வருஷப் படங்கள் ஏறிவிட்டன, எந்த சாஃப்ட்வேராலும் எடுக்க முடியாது என்று மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அண்ணாச்சி அந்தப் பதிலை அவருடைய தாளில் மூன்று கட்டத்திலும் எழுதினார். எனக்கு அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போல இருந்தது.

பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இது வெளிய போகக் கூடாது. சிஸ்டத்துல இல்லைன்னு மட்டும் சொல்லுங்க." பக்கத்தில் இருந்த நல்லக்கண்ணு ஐயாவுக்கு வேறு கவலை. "நான் பாத்துக் குடுத்த நல்ல நேரத்து மேல பழி போடாதீங்க. எட்டு வருஷமா ஒரு நாள்கூடத் தப்பு வரலைன்னு நீயே சொல்லுத" என்றார் அண்ணாச்சியிடம். அட கடவுளே என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

பெத்தம்மாள் காலை எட்டு மணியில் இருந்து பெஞ்சில் இருந்தார். மடியில் ஒரு பை மிதுக்கவத்தல், காட்டு மிதுக்கங்காயைக் காயவைத்து அண்ணாச்சிக்குக் கொண்டுவந்தது. அண்ணாச்சி எதிரே போய் நின்றார்.

"படம் இல்லம்மா. சிஸ்டத்துல இல்ல."

"எப்படி இருக்கும் தம்பி? எங்கிட்டக் குடுத்தத நான்லா தொலைச்சேன். வெட்டிக் குடுத்த கையிக்கு வேணும்" என்று பெத்தம்மாள் தன் வலது கையையே அடித்துக்கொண்டார். "நீங்க என்ன செய்வீங்க பாவம். இதக் கொண்டு போங்க, பிள்ளைகளுக்கு வறுத்துக் குடுங்க."

அண்ணாச்சி பையை வாங்கிக்கொண்டார். அவர் பேசவில்லை. இவ்வளவு வாய் பேசுகிற நானும் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக வருகிறது.

அடுத்த வாரம் மூன்றில் ஒரு சாஃப்ட்வேரைப் பெரிய டாக்டர் வாங்கினார். முப்பத்தோரு கேள்விகளை அவர் படித்த மாதிரி தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை நல்லக்கண்ணு ஐயாவின் போன் வந்தது. வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது, புதனுக்குள் பேருக்குத் தொடங்கிவிட வேண்டுமாம். அண்ணாச்சி கெஞ்சினார். "ஐயா, இந்த ஒரு தடவை எல்லாத்தையும் மாட்டிட்டுத் தொடங்குவோம்யா. ஒரு மாசம்தானே?" அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. அண்ணாச்சி "சரிங்கய்யா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

புதன்கிழமை மறுபடியும் சந்தனம், மறுபடியும் பால். பிள்ளையார் சுழி போடச் சொன்னார்கள். அண்ணாச்சி அதற்குப் பதிலாகப் பெத்தம்மாளின் புது ஸ்கேன் படத்தை உள்ளே போட்டார். 'வெற்றி' என்று வந்ததும் எல்லாரும் பால் டம்ளரோடு கலைந்தார்கள். அவர் மட்டும் உட்கார்ந்து அந்தப் படத்தை வெளியே எடுத்துப் பார்த்தார். மறுபடி போட்டார், மறுபடி எடுத்தார். அந்த நேரத்தில் மதுரையில் பெத்தம்மாளுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் மாரிச்செல்வி அழுதுகொண்டே கூப்பிட்டாள். ஊசி பட்ட இடத்தில் நுரையீரல் சுருங்கிவிட்டது, நெஞ்சில் குழாய் போட்டிருக்கிறார்கள், ஐசியூவில் வைத்திருக்கிறார்கள்.

ஆறு நாள் கழித்து மறுபடியும் போன். நானும் மாடியில் இருந்தேன். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணாச்சி, ரிசல்ட் வந்துட்டு. புத்துநோய் இல்லையாம். பழைய டி.பி. தழும்புதானாம்" என்று மாரிச்செல்வி சந்தோஷத்தில் கத்தினாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அண்ணாச்சி நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அந்தப் பழைய படம் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருக்கும், ஊசி இல்லாமல், குழாய் இல்லாமல்.

போன் பெத்தம்மாள் கைக்குப் போனது. மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச்சு வந்தது. "தம்பி... இனிமே வெட்ட மாட்டேன். புதுப் படத்தைப் பெட்டியில வச்சுப் பூட்டியாச்சு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "அம்மா, நீங்க தொலைக்கல. எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. நான்தான் தொலைச்சேன்."

பெத்தம்மாள் இருமிவிட்டுக் கேட்டார்.

"ஏந்தம்பி, நீங்களும் கிரகணம் பாக்க வெட்டிக் குடுத்துட்டீங்களா?"

"ஆமாம்மா" என்றார் அண்ணாச்சி. போனை நான்தான் வாங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தேன்.