இடது சக்கரம் சுற்றவில்லை

"இது எந்த வண்டியில கழட்டினது?"

இந்தக் கேள்வியை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்காதே என்று என் அண்ணன் ஆம்ப்ரோஸ் எனக்குச் சொல்லி வைத்திருந்தான். பிளாக்பள்ளியில் பழைய சாமான் விற்கும் குஜரியில் அது எழுதாத சட்டம். விலை கேட்கலாம், பாதிக்குப் பேசலாம், கடைக்காரனைத் திட்டக்கூடச் செய்யலாம். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் சாமானை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். நான் கேட்டேன். அதன் பிறகு நடந்ததைத்தான் நடந்தபடியே எழுதுகிறேன். நான் பி.எஸ்ஸி. பௌதிகம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். பேய் என்று யாராவது சொன்னால் முகத்துக்கு நேராகச் சிரித்தவள். நம்புவது உங்கள் இஷ்டம். நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை.

1946, ஜூன் மாதம். பிரேசர் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஆம்ப்ரோஸ் ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தான். அடிச்சட்டம் ஒரு உடைந்த வண்டியிலிருந்து, எஞ்சின் ஒரு குட்டி ஆஸ்டினிலிருந்து, மற்றதெல்லாம் கிடைத்த இடத்திலிருந்து. அவன் ஒரு கான்ட்ராக்டரிடம் டிரைவர். இந்தக் கார் ஓடிவிட்டால் டாக்சி ஓட்டிப் பிழைக்கலாம், அந்த ஆள் வாசலில் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது அவன் ஆசை. என் ஆசையும் அதுதான். அப்பா போன பிறகு தன் படிப்பை நிறுத்தி என்னைப் படிக்க வைத்தவன் அவன். இந்தக் காரை அவனுக்கு ஓட வைத்துக் கொடுக்காவிட்டால் நான் படித்த படிப்புக்கு என்ன மரியாதை? ஸ்பானர் அவனுடையது, கணக்கு என்னுடையது.

பாக்கி இருந்தது பின் ஆக்சில். அதன் நடுவில் பானை போல உப்பியிருக்குமே, அதுதான் டிஃபரன்ஷியல். எஞ்சினின் சுற்றை வாங்கி இரண்டு பின்சக்கரங்களுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது. எங்கள் எஞ்சின் சின்னது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற அது ஐந்து சுற்றாவது சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டைத் தாண்டாது. கொட்டகையில் இரண்டு ஆக்சில் கிடந்தன. ஒன்று மோரிஸ். வண்டி பேர் போட்ட தகடு இருந்தது, கணக்கும் சரியாக இருந்தது, ஆனால் பல் தேய்ந்துபோயிருந்தது. மற்றொன்றின் பற்கள் புதுசு போல மின்னின. அதில் தகடு இல்லை. எண் இருந்த இடத்தை யாரோ அரம் போட்டு ராவியிருந்தார்கள். அதைத்தான் போடப் போகிறேன் என்றான் ஆம்ப்ரோஸ். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"குஜரியில காசிம் சாயபுகிட்ட வாங்கினது. சும்னே எதுக்குடி கேக்கற?"

"வண்டி பேர் தெரிஞ்சாதானே ரேஷியோ தெரியும்."

"பெரிய படிப்பு படிச்சவதானே. சுத்தி எண்ணிக்கோ."

என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்கிறார்கள். எனக்கு வந்தது சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. அம்மா மாதா கோயிலில் நொவேனா ஜெபத்துக்குப் போயிருந்தாள். மழை தகரத்தின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆக்சில் இரண்டு மர முக்காலிகளின் மேல், சக்கரங்கள் தரையில் படாமல் நின்றது. இரண்டு டயரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். நடுத்தண்டில் கைப்பிடியை மாட்டி ஐந்து முறை சுற்றினேன். இரண்டு சக்கரமும் ஆளுக்கு ஒரு சுற்று வர வேண்டும்.

வலது சக்கரம் இரண்டு சுற்று வந்தது. இடது அசையவே இல்லை.

பயப்பட இதில் ஒன்றுமில்லை. டிஃபரன்ஷியலின் குணமே அதுதான். ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் அதன் பங்கும் மற்றதற்குப் போய்விடும். இடப்பக்கம் ஏதோ இறுகியிருக்கிறது என்று நினைத்துப் போய் ஒற்றை விரலால் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிரேக் கட்டை இல்லை. கிரீஸ் புதுசு. பிடித்து நிறுத்த அங்கே எதுவுமே இல்லை.

திரும்ப வந்து சுற்றினேன். வலது இரண்டு. இடது இல்லை.

மறுபடியும் அதேதான்.

எனக்குக் கோபம் வந்தது. வலது சக்கரத்தைக் கயிற்றால் தூணோடு இறுக்கிக் கட்டினேன். இனி இடது சுற்றியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. கைப்பிடியைத் தள்ளினேன்.

நகரவில்லை.

இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். நகரவில்லை.

மழை சட்டென்று விட்டது. அந்த அமைதியில்தான் அது கேட்டது.

சர்ர்... சர்ர்...

ரப்பரில் நகம் பிறாண்டும் சத்தம்.

"யாரு?" என்றேன்.

கைப்பிடி என் கையில் திரும்பியது. நான் திருப்பவில்லை. அது என் கையைத் திருப்பியது. பின்பக்கமாக... மெதுவாக... இடது சக்கரத்தை யாரோ தள்ளுகிறார்கள்.

மேலிருந்து அல்ல...

கீழேயிருந்து.

கையை விட்டேன். விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து டயர் தெரிந்தது.

சாக்பீஸ் கோட்டின் மேல் நாலு விரல் தடம்.

தரையில் மல்லாந்து கிடப்பவர்கள் பிடித்தால்தான் தடம் அப்படி விழும்.

ஆம்ப்ரோஸிடம் அன்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்து நேராகக் குஜரிக்குப் போனேன். காசிம் சாயபு கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் வாங்கிப்போன, எண் ராவிய ஆக்சில் எந்த வண்டியுடையது என்று கேட்டேன். சாயபு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது நம்ம மால் இல்லேம்மா. உங்க அண்ணன்தான் எங்கிட்ட விக்க எடுத்தாந்தாரு. நான் தொடல."

"ஏன் தொடல?"

"லெஃப்ட் பக்கம் துணி சுத்திக்கிட்டு இருந்துச்சு. பொம்பளைத் துணி. வெள்ளையில ஊதாக் கரை. எடுத்துட்டுப் போயிடுங்கன்னேன்."

அந்தப் புடவை எனக்குத் தெரியும். கமர்ஷியல் தெருவில் நானும் பவுலினும் ஒன்றாகப் போய் ஆளுக்கு ஒன்று எடுத்தது. பவுலின் கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். போன நவம்பரில், ஜீவனஹள்ளி ரோட்டில், மழையில், அவளை ஏதோ மிலிட்டரி லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது என்று போலீசார் எழுதி முடித்தார்கள். அவள் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த நாலு பேரில் ஆம்ப்ரோஸ் ஒருவன். கல்லறைத் தோட்டத்தில் என்னைவிட அதிகமாக அழுதவனும் அவன்தான்.

மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்ததும் எதிரே போய் நின்றேன். பவுலினை இடித்தது யார் என்று கேட்டேன். பிசைந்த சோற்றில் கை அப்படியே நின்றது. வண்டியை ஓட்டினது நான்தான் என்றான். கான்ட்ராக்டர் பின்சீட்டில் இருந்தாராம். அவசரமாம். இடித்ததும் இவன் நிறுத்திவிட்டானாம். எடுடா வண்டியை என்றாராம். பிறகு அந்தக் காரையே பிரித்துப் போட்டு, இவன் வாயை அடைக்க இந்த ஆக்சிலைத் தூக்கிக் கொடுத்தாராம்.

"எடுத்தேன் மௌரீன். வரல. வலது சக்கரம் மட்டும் சேத்துல சுத்திக்கிட்டே இருந்துச்சு. இடது அசையவே இல்ல."

கொட்டகையில் நான் பார்த்ததை அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"எறங்கிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"உயிரோட இருந்தாளா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கீழ இருந்து சக்கரத்தைப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டு இருந்தா."

அதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப ஏறி உட்கார்ந்து கியர் போட்டிருக்கிறான்.

"உன் கடைசி வருஷம்டி அது. வேலை போயிருந்தா நீ எப்படிப் படிச்சு முடிச்சிருப்ப?"

எனக்காகவாம்.

சொல்ல வேண்டியதை எங்கே சொல்ல வேண்டும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து, அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா கேளுடி என்றாள். நீயே கேட்டுக்கோம்மா என்று சொல்லிவிட்டு, பவுலின் அப்பாவின் தையல் கடையைப் பார்த்து நடந்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு அவரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.