முப்பத்தொரு நாள் மூடிவைத்த ஸ்பீக்கர்

மாமா செத்த அன்று நான் செய்த முதல் வேலை, ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கியதுதான். செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் கழியும்வரை பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. டிவியைச் சுவர்ப் பக்கம் திருப்பினோம். கொழும்பில் வேலை செய்கிற மகள் கொண்டுவந்து தந்த ஸ்பீக்கர் அது. வாயால் சொன்னால் பாட்டுப் போடும். அதை ஹோலில் இருந்த இடத்திலேயே விட்டு, வெள்ளைத் துண்டு போட்டு மூடினேன். பிடுங்கிய வயரை எல்லாரும் பார்க்கத்தக்கதாக நிலத்தில் போட்டேன்.

ஏன் பார்க்கத்தக்கதாக என்றால், நான் அந்த வீட்டுக்கு வந்து ஏறின மாப்பிள்ளை. எங்கட பக்கம் வீடு பெண்ணுக்கு. ஆம்பிளை உடுக்க நாலு சாரத்தோடு போய் இருக்க வேண்டியதுதான். செட்டிபாளையத்தில் அந்த வீட்டில் இருபத்தாறு வருசம் இருந்தும் மாமாவுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. வயல் வட்டைக்குள் வரம்பு கட்டுவதிலிருந்து கிணற்று வாளியை எங்கே வைப்பது என்பதுவரை வாய்த்தர்க்கம். ஊருக்கே தெரியும். அதனால் அந்த முப்பத்தொரு நாளும் என் நடை உடை எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கவனமாக இருந்தேன்.

எட்டாம் நாள் என்ட மனிசி ஆருக்கோ கோல் எடுக்க என் போனை வாங்கினா. வாங்கினவ அதைப் பார்த்தா. பிறகு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினா. பாட்டு ஆப்பில், கடைசியாகப் பாடிய பாட்டுகள் வரிசையாக நின்றன. எல்லாம் புதுப்படக் குத்துப்பாட்டு. நேற்றுப் பின்னேரம் பாடியது, முந்தநாள் பின்னேரம் பாடியது.

"அப்பா செத்து எட்டு நாள். உங்களுக்குக் குத்துப்பாட்டுக் கேக்குதோ?"

அம்மாளாணை நான் போடவில்லை என்றேன். எக்கவுண்ட் ஆர்ட பேரில என்று கேட்டா. என்ட பேரில்தான். போன் ஆர்ட கையில் என்று கேட்டா. அதுவும் என்ட கையில்தான். அதற்குப் பிறகு சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு அப்பால் போய்விடுவா. இருபத்தாறு வருசத்தில் எத்தனையோ சண்டை பிடித்திருக்கிறோம், ஆனால் தகப்பன் செத்ததற்குச் சந்தோசப்படுகிற மனுசன் என்று அவ என்னை நினைத்ததில்லை. இப்போது நினைக்கிறா.  ஆளைப் பிடித்து அவ முன்னால் நிறுத்தாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

முதலில் ஸ்பீக்கரில்தான் சந்தேகம். வீட்டுக் கதை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிற சாமான், வயர் இல்லாமலும் ஏதும் செய்யுமோ என்று துண்டைத் தூக்கிப் பார்த்தேன். சும்மா கிடந்தது. அடுத்து மகளில் சந்தேகம். கோல் எடுத்துக் கேட்டேன். தனக்கு வேறு எக்கவுண்ட் இருக்கிறது, அம்மப்பா செத்ததற்கு... என்று சொல்ல வந்து அழுதுவிட்டாள்; மாமாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். என்ட வாயை நானே திட்டிக்கொண்டேன். போனை வைக்க முன்னம் அவள் ரெண்டு விசயம் சொல்லித் தந்தாள். ஒன்று, பாட்டு ஓடும்போது ஆப்பைத் திறந்தால் கீழே பச்சைக் கோடொன்று வரும், எந்தப் போனில் ஓடுகிறது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

அன்று பின்னேரம் ஆப்பைத் திறந்துகொண்டு மாமரத்தடியில் குந்தினேன். அஞ்சரைக்குப் பச்சைக் கோடு வந்தது. பார்த்தால் மச்சான்ட போன்.

மச்சான் என்றால் மனிசியின் தம்பி. வாழைச்சேனையில் கலியாணம் கட்டி அங்கேயே கடை வைத்திருக்கிறான். போன வருசம் ஒரே மாதிரி ரெண்டு போன் வாங்கி, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை மாமாவுக்குக் கொடுத்தான். நல்ல பிள்ளைக்கு நடக்கப்போய், ரெண்டிலும் என்ட எக்கவுண்டைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். பச்சைக் கோட்டில் ரெண்டுக்கும் ஒரே பேர்தான் வரும். மாமாவின் போன் அவர் கண்ணாடியோடு அலுமாரிக்குள் கிடக்கும். செத்த மனுசன் எழும்பி வந்து பாட்டுப் போடுவாரா? மிச்சம் மச்சான் ஒருத்தன்தான்.

கொள்ளி வைத்தவன், மொட்டை அடித்தவன், வெள்ளை வேட்டியோடு திரிகிறவன், பின்னேரமானால் குத்துப்பாட்டுக் கேட்கிறான்! ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஹோலில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பான். நான் அவன்ட காதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பச்சைக் கோடு ஓடுகிற நேரம் பார்த்து அவனுக்குக் கோல் எடுத்தேன். எடுக்கவில்லை. பிறகு எடுத்து, கடையில் சனம் அத்தான் என்றான். சனமாம். எனக்கு விளங்காதாக்கும்!

மனிசியிடம் சொல்லலாம்தான். ஆனால் தம்பியைச் சொன்னால் என்னைத்தான் இன்னும் கேவலமாகப் பார்ப்பா. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

இருபத்தெட்டாம் நாள். முப்பத்தொன்றுக்கு அரிசி புடைக்க அயலிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்து முற்றத்தில் இருந்தார்கள். மனிசி அவர்களோடு. மாமி வழமைபோல ஹோலை ஒட்டின அறைக்குள். மாமா செத்த நாளிலிருந்து அவ அந்த அறையை விட்டு வெளியே வருவதில்லை. என்னோடு அவ ஒருநாளும் நேரே கதைத்ததுமில்லை. கதவு மறைவில் நின்று மனிசியிடம் சொல்லுவா, மனிசி என்னிடம் சொல்லுவா. எங்கள் வீட்டில் மாமிக்கும் மருமகனுக்கும் அவ்வளவுதான் புழக்கம்.

மச்சான் சாமான்களோடு வருவதாகச் சொல்லியிருந்தான். வந்து சேரவில்லை. அஞ்சரைக்குப் பச்சைக் கோடு வந்தது. றோட்டில் எங்கேயோ தேத்தண்ணிக் கடையில் நின்று காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறான் என்று எனக்குப் பட்டது. மகள் சொல்லித் தந்த மற்ற விசயமும் ஞாபகம் வந்தது. என் போனிலிருந்தே அந்தப் போனின் சத்தத்தைக் கூட்டலாம். கூட்டுகிறேன் மவனே, கடை முழுக்கக் கேட்கட்டும் என்று விரலால் ஒரே இழுவையில் கடைசிவரை இழுத்துவிட்டேன்.

பாட்டு எங்கட வீட்டுக்குள் வெடித்தது.

முற்றத்தில் சுளகுகள் நின்றுபோயின. நான் ஓடினேன். ஹோலுக்குள் கால் வைக்கும்போதே அறைக் கதவு நீக்கலுக்குள்ளால் மாமியைக் கண்டேன். பாயில் இருந்தபடி மாமாவின் போனை ரெண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அமத்திக்கொண்டிருந்தா. நிற்பாட்டத் தெரியவில்லை. என்னைக் கண்டதும் அவவின் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன்.

என் போனில் பாட்டை நிற்பாட்டினேன். பின்னால் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மனிசி முன்னால் நின்றா.

"நான்தான். கை பட்டு ஸ்பீக்கரில போயிற்று" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தான், கையில் பூசணிக்காயோடு. பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவன் என்னைப் பார்த்தான். நிலத்தில் பிடுங்கிக் கிடந்த வயரைப் பார்த்தான். அறைக் கதவைப் பார்த்தான். பிறகு காலால் வயரை மெல்ல மேசைக்கடியில் தள்ளிவிட்டு, அத்தானுக்கு இந்தப் போன் விளையாட்டுச் சரிவராது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். இருபது நாளாக அந்தப் பொடியனைக் கள்ளன் ஆக்கி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

பெண்கள் போன பிறகு மனிசி என்னிடம் வந்தா. "நீங்கதான் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றா. மச்சான் கொண்டுவந்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன்.

தனியே இருந்து யோசித்தபோதுதான் விளங்கியது. மாமா வட்டையால் வந்து, அஞ்சரைக்குச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, போனை நெஞ்சில் வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். ரேடியோக் காலத்துப் பழைய பாட்டு ஏழெட்டு, எந்த நாளும் அதுகள்தான். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலத்தில் இருப்பா. அவர் தட்டுகிற இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறா. அவர் கேட்காமல் விட்ட பிறகு அந்தப் பாட்டுகள் கீழே இறங்கி, அந்த இடத்தில் ஆப் காட்டுகிற புதுப்பாட்டு வந்து குந்திவிட்டது. வாசிக்கத் தெரியாத மாமி, இன்றைக்காவது வருமா என்று நாள்தோறும் அதே இடத்தில் தட்டி, சத்தத்தைக் குறைத்து, குத்துப்பாட்டைக் காதில் வைத்துக் காத்திருந்திருக்கிறா.

இருபத்தொன்பதாம் நாள் அஞ்சரைக்குப் பச்சைக் கோடு வரவில்லை. முப்பதாம் நாளும் வரவில்லை. மனிசி என்னைக் கடந்து கிணற்றடிக்குப் போனா, கடந்து வந்தா, முகம் பார்க்கவில்லை. பழிதான் ஏற்கெனவே என்ட தலையில் ஏறிவிட்டதே, இனி என்ன பயம் என்று, கீழே கிடந்த மாமாவின் பாட்டுகளைத் தேடி எடுத்து, சத்தத்தை ஆகக் குறைந்த இடத்தில் வைத்து, மாமி வைத்திருந்த போனுக்கு அனுப்பினேன்.

ஹோலில் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அறைக்குள் அசைவும் இல்லை. மாமி பயந்து போனாவோ, போனை மூடிவிட்டாவோ என்று கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் தொடாமலே, சத்தக் கோடு ஒரு படி ஏறியது.