மே மாதத்தில் நீங்கள் சென்ற இடங்கள்

2023ஆம் ஆண்டு ஜூன் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. அப்பாவின் சட்டைப்பையில் கைப்பேசி ஒருமுறை ஒலித்தது. இந்த நேரத்தை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. வந்த மின்னஞ்சலின் மேல் மூலையிலேயே அது குறிக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டு நிகழ்வு எதற்கும் இவ்வளவு துல்லியமான நேரம் கிடையாது. நான் பிறந்த வேளையைக்கூட அம்மா, "பால்காரரு வந்துட்டுப் போன பின்னாடி" என்றுதான் சொல்வாள்.

அன்று வீட்டில் விருந்தினர் இருந்தனர். அக்காவுக்குப் பெருநகர் என்னும் பக்கத்து ஊரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளையின் தாய்மாமனும் அவர் மனைவியும் முகூர்த்த நாள் குறிக்கப் பஞ்சாங்கத்தோடு எங்கள் ஊர் திருப்புலிவனத்துக்கு வந்திருந்தார்கள். அக்கா ஊரில் இல்லை. அவள் ஒரகடம் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அங்கேயே பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓவர்டைம்.

அப்பாவுக்கு அந்தக் கைப்பேசி வந்ததே நெல்லினால்தான். கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட இணையத்தில் பதிய வேண்டும். எந்த நாள் வரவேண்டும் என்று டோக்கன் கைப்பேசிக்கு வரும். அதனால் ஏப்ரல் கடைசியில் உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒன்று வாங்கினோம். புதிய கைப்பேசி முதலில் ஒரு மின்னஞ்சல் கணக்கைக் கேட்டது. அப்பாவுக்குக் கணக்கு இல்லை. "வூட்ல யாருதாவது இருந்தா போடும்மா, எல்லா நம்பரும் அதுவே வந்துரும்" என்றார் கடைக்காரர். உறவினர் எண்கள் அனைத்தும் அக்காவின் கணக்கில்தான் இருந்தன. அதன் கடவுச்சொல் எனக்குத் தெரியும். நான் அதையே போட்டேன்.

எங்கள் ஊரில் பல வீடுகளில் இப்படித்தான். குடும்ப அட்டை ஒன்று, எரிவாயு இணைப்பு ஒன்று, மின்னஞ்சல் ஒன்று. யாருடையது என்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அக்காவின் கைப்பேசிக்கு அப்போதே ஓர் எச்சரிக்கை போயிற்று: புதிய கருவியில் நுழைந்தது நீங்கள்தானா? அவள் உடனே என்னை அழைத்தாள். "ஏய், நீதானடி அது? நான் ஆமான்னு போட்டுட்டேன்" என்று சிரித்தாள்.

நான் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். ஒரு செய்யுளுக்கு மூன்று உரைகளை அருகருகே விரித்து, எந்த உரையாசிரியர் எந்தச் சொல்லை விட்டார், எதைக் கூட்டினார் என்று குறிப்பெடுப்பவள். அந்த மின்னஞ்சல் நிறுவனத்தின் உடன்படிக்கையைக் கடையில் நின்றபடியே விரலால் ஒரே இழுப்பில் கீழே தள்ளி, 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினேன். அதில் எழுதியிருந்தது என்னவென்று இன்றும் எனக்கு முழுதாகத் தெரியாது. இதை நம்பிக்கை என்று சொல்வதும் பொருந்தாது. நம்புவதற்கு முன் ஒரு கணமாவது ஐயம் எழுந்திருக்க வேண்டும். எனக்கு எழவில்லை. உலகம் முழுவதற்கும் அஞ்சல் கொண்டுபோகும் நிறுவனம் எங்களிடம் வந்து எதைப் பார்க்கப்போகிறது என்றிருந்தேன்.

"டோக்கனான்னு பாரும்மா" என்று அப்பா கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"எங்க ஊரு சென்டர்ல பத்து நாளா மூட்டை அப்படியே கீது சம்மந்தி" என்றார் மாப்பிள்ளையின் மாமா. "சத்தமா படிக்கச் சொல்லு, நானும் கேட்டுக்கறேன்."

"இங்கிலீஷ்ல இருக்குது" என்றேன்.

"அதனால இன்னா? பெரிய படிப்பு படிக்கிற பொண்ணு நீ. தமிள்ல சொல்லு, பாக்கலாம்."

விருந்தினர் முன்னால் நான் பேசுவது அரிது. அன்று எனக்குள் ஒரு சிறிய பெருமிதம் இருந்தது. நல்ல தமிழில், நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். "மே மாதத்தில் நீங்கள் சென்ற இடங்கள். நீங்கள் அதிகமாகச் சென்ற இடம், செங்கல்பட்டு, வலிப்பு நோய் சிகிச்சை மையம். நான்கு முறை. சனிக்கிழமைகளில்."

"நானா?" என்று அப்பா சிரித்துவிட்டார். "களத்தவுட்டு அந்தாண்ட போவல, நான் எங்க செங்கல்பட்டு போனேன்?"

"வூட்டுக்குத் தெரியாம யாரைப் பாத்துக்கினு வந்த சம்மந்தி?" என்றார் மாமா. சமையலறையிலிருந்து அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அது தவறான முகவரிக்கு வந்த கடிதம் என்றே எண்ணினேன். வேடிக்கையை இன்னும் சிறிது நீட்டும் ஆசையில் கீழே தள்ளினேன். ஒரு வரைபடம் வந்தது. ஒரகடத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு நீலக்கோடு.

மாமாவின் மனைவி என் தோளருகே உட்கார்ந்திருந்தார். திரையின் மூலையிலிருந்த சிறு வட்டத்தை விரலால் காட்டினார்.

"இது பெரிய பொண்ணு போட்டோதானே?"

நான் கைப்பேசியைத் திருப்பிப் பிடித்தேன்.

"அது ஃபிட்ஸுக்குப் பாக்கற ஆஸ்பத்திரியாச்சே. எங்க நாத்தனாரு பையனை அங்கதான் இட்டுக்கினு போனோம்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அவர் கணவரைப் பார்த்தார். கணவர் பஞ்சாங்கத்தை மூடினார்.

அம்மா காபியோடு வந்து நின்றாள். இருவரும் மரியாதைக்கு இரண்டு வாய் குடித்தார்கள். "வெயில் ஏறிப்போச்சு, கெளம்பறோம். பாத்துட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்றார் மாமா. சொல்லி அனுப்பவில்லை. ஆவணியில் அந்த மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் திருமணம் நடந்தது.

அகப்பாடல்களில் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது மரபு. வகுப்பில் எத்தனையோ முறை அதை எழுதியிருக்கிறேன். அது எதைக் காப்பதற்காக ஏற்பட்டது என்று யோசித்ததில்லை. அந்த மின்னஞ்சலில் பெயருக்குப் பதிலாக முகமே இருந்தது, இடம் இருந்தது, கிழமை இருந்தது. உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும்கூட இருந்தன. அனுப்பியவர்களுக்கு யார்மீதும் பகை இல்லை. ஒரு நினைவுப் பரிசைப்போல, வண்ணப் படங்களோடு, அழகாகவே அனுப்பியிருந்தார்கள். அதற்கு வாயும் குரலும் கொடுத்தவள் நான்.

பகல் உணவை யாரும் தொடவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. "அத மொதல்ல இதுலேர்ந்து எடுத்துடு" என்றார். அதற்காகக் கணக்கைத் திறந்தபோது, அக்கா இணையத்தில் தேடியவை வரிசையாகக் கண்ணில் பட்டன. 'வலிப்பு பரம்பரையாக வருமா.' 'வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர் குழந்தை பெறலாமா.' 'தூக்கத்தில் வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியுமா.' மூன்றாவதோடு கண்ணை எடுத்துவிட்டேன். நான் உருவாக்கிக் கொடுத்த கணக்கு அது. அம்மாவிடமோ என்னிடமோ கேட்க முடியாததை அவள் அதனிடம் கேட்டிருந்தாள்.

கணக்கை நீக்கியதும் கைப்பேசியிலிருந்த எண்கள் அனைத்தும் மறைந்தன. "பெரியவளுக்குப் போன் போடணும்டி, அவ நம்பரும் போயிட்டுதா?" என்று அம்மா பதறினாள். அக்காவின் எண் எனக்கு மனப்பாடம். நான் தரவில்லை. "நாளைக்குக் காலையில நேர்ல போறேம்மா. அதுவரைக்கும் யாரும் கேக்காதீங்க" என்றேன். அன்று எங்கள் வீட்டிலிருந்து எந்த அழைப்பும் போகவில்லை. அவளிடமிருந்தும் வரவில்லை. அவள் அழைக்காததிலிருந்தே, செய்தி அவளை எட்டிவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் விடிவதற்குள் கிளம்பி, உத்திரமேரூரில் முதல் பேருந்தைப் பிடித்து வாலாஜாபாத் போய், அங்கிருந்து ஒரகடம் பேருந்தில் ஏறினேன். விடுதி வாயிலை அடைந்தபோது மணி ஏழு. அக்கா வேலைக்கான சீருடையில் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. தலை ஈரமாக இருந்தது.

"அவரு நேத்து சாயங்காலம் போன் பண்ணாரு" என்றாள். "உங்க வூட்லயே படிச்சாங்களாம், மாமா சொன்னாருன்னாரு. நீயா?"

"ஆமாக்கா."

"சத்தமாவா?"

"ஆமா."

அவள் சாலையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். போன ஆண்டு தொழிற்சாலையில் முதல்முறை வந்ததாம். மாத்திரையில் அடங்கிவிட்டதாம். மாப்பிள்ளையிடம் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாளாம். தன் வீட்டில் தானே பக்குவமாகச் சொல்வதாக அவர் கேட்டுக்கொண்டாராம். அதற்காகத்தான் எங்களிடமும் சொல்லாமல் பொறுத்திருந்தாளாம்.

"எத்தினி வாட்டின்னு போட்டிருந்துது?"

"நாலு."

"மூணு வாட்டிதான் டாக்டரைப் பாத்தேன். ஒரு சனிக்கெழமை பூட்டிக்கினு இருந்தாங்க. வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்." என் பக்கம் திரும்பி, "அதையும் எண்ணிக்கினு இருந்துச்சா?" என்றாள்.

இனி நான் உடன் வருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றாள். தனியாகவே போய்க்கொள்வாளாம், போகும்போது கைப்பேசியை அறையிலேயே வைத்துவிடுவாளாம்.

"வழியில ஏதாவது ஆச்சுன்னா யாருக்குக்கா தெரியும்?"

"பக்கத்துல இருக்கறவங்க பாத்துப்பாங்க."

தொழிற்சாலைப் பேருந்து வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. என் பையிலிருந்த வகுப்புக் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து, என் கைப்பேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதினேன். என்ன நோய் என்று எழுதவில்லை. அவள் பெயரையும் எழுதவில்லை. அக்கா அதை வாங்கிப் படித்தாள். நான்காக மடித்தாள். மறுப்பாள் என்று நினைத்தேன். அடையாள அட்டையின் பின்புறம் செருகிக்கொண்டு பேருந்தில் ஏறினாள்.